மண் பாதை யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்தில் மூடுகிறார்கள், போலந்தில் கூடுகிறார்கள்

நான்கு மோட்டார் சைக்கிள்கள். நான்கு வீரர்கள். நான்கு சுற்று.

சுமார் ஒரு நிமிஷம். பந்தயம் முடிந்துவிடும்.

இந்த மோட்டார் சைக்கிள்களில் பிரேக் கிடையாது!

ஆம், கையிலும் இல்லை, காலிலும் இல்லை. கியர் ஒன்றே ஒன்றுதான். எஞ்சின் 500 சி.சி. பெட்ரோல் ஊற்றுவதில்லை, மெத்தனால் என்ற எரிபொருளை ஊற்றுகிறார்கள்.

ஓடும் இடம் தார் ரோடு அல்ல, மண். முட்டை வடிவத்தில் அமைந்த வட்டப் பாதை. ஒரு சுற்று, பாதைக்குப் பாதை மாறுபட்டாலும், ஏறக்குறைய 300 மீட்டர் இருக்கும்.

இதற்கு ‘ஸ்பீட்வே’ பந்தயம் என்று பெயர். இந்தப் பந்தயத்துக்கு இன்று ஒரு விசித்திரமான நிலைமை ஏற்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் ரசித்த இங்கிலாந்தில், மைதானங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. போலந்து நாட்டிலோ, ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பம் குடும்பமாக மண் பாதையை நோக்கிப் போகிறார்கள்.

பந்தயம் ஒன்றுதான். விதிகளும் ஒன்றுதான். ஓர் இடத்தில் தேய்கிறது; இன்னோர் இடத்தில் வளர்கிறது. என்ன காரணம்?

பிரேக் ஏன் இல்லை?

முதலில், பலரும் கேட்கும் கேள்விக்குப் பதில்.

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு போகிறார்கள். முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? பின்னால் வருகிறவர் அவர் மேல் ஏறிவிடுவார். ஆகவே, யாருக்கும் பிரேக் வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள்.

பிறகு, வளைவில் எப்படித் திரும்புவது?

வண்டியின் பின்சக்கரத்தை மண்ணில் சறுக்க விடுகிறார்கள். வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். இடது பக்கம் திரும்ப வேண்டிய வளைவில், கைப்பிடி வலது பக்கம் திரும்பி இருக்கும்! வீரர் இடது காலைத் தரையில் ஊன்றி வருவார். அந்தக் காலின் பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு உண்டு. இல்லாவிட்டால் பூட்ஸ் தேய்ந்து போகும்.

முதலில் வருகிறவருக்கு 3 புள்ளி. அடுத்தவருக்கு 2. மூன்றாமவருக்கு 1. கடைசியில் வருகிறவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு ஊர்க் கோஷ்டிகள் மோதும்போது, கோஷ்டிக்கு இரண்டு பேராக ஓடுவார்கள். பெரும்பாலும் 15 ஓட்டங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் எந்த ஊர் ஜெயித்தது என்று தெரிந்துவிடும்.

கணக்கு இவ்வளவுதான். பள்ளிக்கூடப் பையன்கூடப் பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு குறித்துவிடலாம். உண்மையிலேயே குறிக்கிறார்கள், பந்தய நிகழ்ச்சிப் புத்தகத்தில் அதற்கென்றே கட்டம் போட்டுக் கொடுப்பது வழக்கம்.

காட்டுக்குள் கூடிய கூட்டம்

இந்தப் பந்தயம் ஆஸ்திரேலியாவில் பிறந்தது என்பார்கள். 1923-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி. ஊர், மேற்கு மெய்ட்லண்ட். அங்கே விவசாயப் பொருட்காட்சி மைதானத்தில், மின்சார விளக்கு வெளிச்சத்தில், மோட்டார் சைக்கிள்களை ஓட விட்டார்கள். ஏற்பாடு செய்தவர் ஜானி ஹாஸ்கின்ஸ் என்பவர்.

1928-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி, லண்டனை அடுத்த எப்பிங் காட்டில், ஹை பீச் என்ற இடத்தில் ஒரு பந்தயம் நடந்தது. சில ஆயிரம் பேர் வந்தால் போதும் என்று நினைத்தார்கள். வந்தவர்களோ சுமார் 30 ஆயிரம் பேர் என்று சொல்லப்படுகிறது!

அதன் பிறகு இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் மண் பாதைதான். 1936-ம் ஆண்டு லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் முதலாவது உலகச் சாம்பியன் பட்டப் பந்தயம் நடந்தது. ஆஸ்திரேலிய வீரர் லயனல் வான் பிராக் ஜெயித்தார். 1981-ம் ஆண்டு வரை பல தடவை அதே மைதானத்தில் உலகப் பட்டப் பந்தயம் நடந்திருக்கிறது. கடைசித் தடவைகூட சுமார் 90 ஆயிரம் பேர் கூடினார்கள்.

இவ்வளவு பெரிய கூட்டம் எங்கே போயிற்று?

குடியிருந்தது வாடகை வீட்டில்

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

முட்டை வடிவப் பாதை வேண்டும். சுற்றிலும் உட்கார இடம் வேண்டும். அப்படிப்பட்ட மைதானத்தைப் புதிதாகக் கட்டப் பணம் ஏது? இங்கிலாந்தில் அப்போது வேறொரு பந்தயமும் பரவிக்கொண்டிருந்தது. அது நாய்ப் பந்தயம். 1926-ம் ஆண்டு மாஞ்செஸ்டர் நகரில் பெல்வியூ என்ற இடத்தில் அதற்கென்று மைதானம் கட்டினார்கள். பிறகு நாடெங்கும் கட்டினார்கள்.

நாய் ஓடுவதும் வட்டப் பாதையில்தான். ஆகவே, பல ஊர்களில் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்கள் நாய்ப் பந்தய மைதானத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். சில நாள் நாய் ஓடும். ஒரு நாள் மோட்டார் சைக்கிள் ஓடும். வேறு சில ஊர்களில் பொருட்காட்சித் திடலை வாடகைக்குப் பிடித்தார்கள்.

அந்தக் காலத்தில் இது சுலபமான வழியாகத் தோன்றியது. மைதானம் கட்டும் செலவு மிச்சம் அல்லவா?

ஆனால் நகரங்கள் வளர்ந்தன. ஊருக்கு வெளியே இருந்த மைதானம், ஊருக்கு நடுவே வந்துவிட்டது. நிலத்தின் விலை ஏறியது. நாய்ப் பந்தயத்துக்கும் கூட்டம் குறைந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் கணக்குப் பார்த்தார். வாரம் ஒரு நாள் வரும் வாடகை எங்கே? வீடு கட்டுகிறவர்கள் கொடுக்கும் விலை எங்கே?

சொந்தக்காரர் மேல் மட்டும் குற்றம் சொல்வதில் பயனில்லை. நிலம் அவருடையது. வீடு இல்லாமல் தவிக்கும் குடும்பங்களும் இங்கிலாந்தில் உண்டு. வாடகைக்கு இருந்தவர் காலி செய்யத்தான் வேண்டும்.

வரிசையாக விழுந்த பூட்டு

மாஞ்செஸ்டர் நகரின் ஹைட் ரோடு மைதானம் மிகவும் பிரசித்தமானது. 1987-ம் ஆண்டோடு அங்கே பந்தயம் நின்றது. இடம் மோட்டார் கார் ஏலம் விடுகிறவர்களிடம் போயிற்று.

லண்டன் விம்பிள்டனில் 2005-ம் ஆண்டோடு மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்ந்தது. பிற்பாடு மைதானத்தை இடித்தார்கள். 2020-ம் ஆண்டு அதே இடத்தில் கால்பந்து மைதானம் திறக்கப்பட்டது.

கவென்ட்ரி நகரக் கோஷ்டி, பிராண்டன் மைதானத்தில் ஓடிவந்தது. 2016-ம் ஆண்டோடு அதுவும் நின்றது.

சுவிண்டன் நகரில் 1949-ம் ஆண்டு தொடங்கிய பந்தயம் 2019-ம் ஆண்டோடு முடிந்தது.

2023-ம் ஆண்டு ஒரே பருவத்தில் இரண்டு அடி. வுல்வர்ஹாம்ப்டன் நகரில், நாய்ப் பந்தய மைதானத்தின் குத்தகை நீடிக்கப்படவில்லை. பீட்டர்பரோ நகரில் 1970-ம் ஆண்டு முதல் பொருட்காட்சித் திடலில் நடந்துவந்த பந்தயம், அந்த இடத்தில் வேறு கட்டடங்கள் கட்டும் திட்டத்தால் நின்றுபோயிற்று.

பட்டியல் இன்னும் நீளும். எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமை இருப்பதைக் கவனிக்கலாம். ஓட வீரர்கள் இருந்தார்கள். கூட்டம் குறைந்திருந்தாலும், பார்க்க ஜனங்கள் இருந்தார்கள். கடைசிப் பந்தயத்தன்று கண்ணீர் விட்டவர்களும் உண்டு. காலுக்கடியில் இருந்த மண் மட்டும் அவர்களுடையதாக இல்லை.

வேறு காரணங்கள் இல்லையா? உண்டு. இங்கிலாந்தில் மழை அதிகம், மழை பெய்தால் மண் சேறாகிவிடும், பந்தயம் ரத்து. கால்பந்து எல்லாக் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டது. பெரிய வீரர்கள் அதிகப் பணம் கிடைக்கும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். இவை எல்லாம் நோய்கள்தாம். ஆனால், கூட்டம் குறைந்தால் மறுபடி சேர்க்கலாம். மைதானம் போய்விட்டால் எங்கே சேர்ப்பது?

கோப்பர்னிக்கஸ் பிறந்த ஊரில்

இனி, போலந்துக்குப் போவோம்.

தோருன் என்பது அங்கே ஒரு பழமையான நகரம். ஜனத்தொகை சுமார் 2 லட்சம். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன விஞ்ஞானி கோப்பர்னிக்கஸ், 1473-ம் ஆண்டு பிறந்தது இந்த ஊரில்தான். இன்று ஊர் ஜனங்கள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது மோட்டார் சைக்கிள்களை!

2009-ம் ஆண்டு இங்கே ஒரு புதிய மைதானம் திறந்தார்கள். சுமார் 15 ஆயிரம் பேர் உட்காரலாம். உட்காருகிறவர்களுக்கு மேலே கூரை. இந்தப் பந்தயத்துக்கென்றே கட்டியது. கட்டியவர் யார்? தனி முதலாளி அல்ல; நகரசபை! 2025-ம் ஆண்டு போலந்து நாட்டுக் கோஷ்டிப் பட்டத்தைத் தோருன் கோஷ்டிதான் தட்டிச் சென்றது.

லெஷ்னோ என்று ஒரு சிற்றூர். சுமார் 60 ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். அந்த ஊர்க் கோஷ்டி 18 தடவை நாட்டின் பட்டத்தை வாங்கியிருக்கிறது. அங்கேயும் மைதானம் நகரசபைக்குச் சொந்தம்.

இது எப்படி வந்தது?

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு போலந்தில் கம்யூனிஸ்டு ஆட்சி நடந்தது. விளையாட்டுச் சங்கங்களைத் தொழிற்சாலைகளோடும் தொழிற்சங்கங்களோடும் இணைத்தார்கள். ஒரு கோஷ்டியின் பெயர் ‘ஸ்டால்’. எஃகு என்று பொருள். இன்னொன்றின் பெயர் ‘கொலயாஷ்’. ரயில்வே ஊழியர் என்று பொருள். 1989-ம் ஆண்டில் அந்த ஆட்சி மறைந்தது. தொழிற்சாலைகள் கைமாறின, பல மூடப்பட்டன. மைதானங்களில் பெரும்பாலானவை நகரசபைகளின் பொறுப்பில் வந்தன. ஆட்சி போன பிறகும் அந்தப் பெயர்கள் போகவில்லை. மண் பாதையும் போகவில்லை.

நகரசபைக்கு இதனால் என்ன லாபம்? பந்தயத்தன்று ஹோட்டல்களில் இடம் கிடைக்காது. கடைகளில் வியாபாரம் நடக்கும். ஊர்ப் பெயர் டெலிவிஷனில் வரும். தாத்தா, அப்பா, பேரன் மூவரும் ஒரே நிறத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். பெண்களும் குழந்தைகளும் தயங்காமல் வருகிறார்கள். நம் ஊரில் தேரோட்டம் எப்படியோ, அந்த ஊர்களில் பந்தயம் அப்படி.

1973-ம் ஆண்டு ஹோஜூவ் நகரில் யெஜி ஷ்சாக்கியல் உலகச் சாம்பியன் ஆனார். போலந்துக்கு அதுதான் முதல் பட்டம். அடுத்த பட்டம் வர 37 ஆண்டு ஆயிற்று. 2010-ம் ஆண்டு தாமஸ் கோலோப் வாங்கினார். பிறகு வந்தவர் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக். 2019, 2020, 2022, 2023, 2024, 2025 என்று ஆறு தடவை பட்டம்! இதுவரை ஆறு பட்டத்தைத் தாண்டியவர் உலகத்தில் யாரும் இல்லை.

வீரர் எங்கிருந்தோ குதித்து வருவதில்லை. பக்கத்தில் ஒரு பாதை இருந்தால்தான் பையன் பழகுவான்.

பாலிலும் தண்ணீர் உண்டு

அப்படியானால், போலந்தில் எல்லாம் சரியாக இருக்கிறதா? இல்லை.

பெரிய கோஷ்டிகள் வீரர்களைப் போட்டி போட்டுக்கொண்டு விலைக்கு வாங்குகின்றன. வரவுக்கு மேல் செலவு செய்து கடனில் விழுந்த கோஷ்டிகளும் உண்டு. அப்போது நகரசபையின் கதவைத்தான் தட்டுகிறார்கள். பெரிய கோஷ்டிகளுக்கு விளம்பரப் பணம் கொடுக்கும் கம்பெனிகளில், அரசாங்கத்தின் கைப்பிடியில் உள்ள கம்பெனிகளும் இருக்கின்றன.

வரி கொடுக்கிறவர் கேட்கிறார்: “என் வீட்டுத் தெருவில் பள்ளம். ஆஸ்பத்திரியில் கூட்டம். என் பணத்தில் ஒருவர் மண்ணில் சறுக்கி விளையாட வேண்டுமா?”

நியாயமான கேள்வி. மைதானம் ஊருடையதாக இருப்பது ஒன்று. வீரர்களின் சம்பளமும் ஊர்ப் பணமாக இருப்பது வேறொன்று. முதலாவது, ஜனங்களின் சொத்து. பந்தயம் இல்லாத நாளிலும் அது ஊரில் இருக்கும். இரண்டாவது, கொடுத்தவுடன் கரைந்துபோகும் பணம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நல்ல ஏற்பாடும் கெட்டுப்போகும்.

உயிரைப் பணயம் வைக்கும் பிழைப்பு

வீரரின் நிலைமை என்ன?

பெரும்பாலும் அவர் சம்பளக்காரர் அல்ல; சொந்தமாகத் தொழில் செய்கிறவர் மாதிரி. மோட்டார் சைக்கிள் அவருடையது. எஞ்சின் செலவு அவருடையது. மெக்கானிக்குக் கூலி கொடுப்பதும் அவர்தான். வாங்கும் புள்ளிக்குத் தகுந்தாற்போல் பணம் வரும். புள்ளி இல்லையென்றால் பணமும் இல்லை.

ஆகவே, ஒரே வாரத்தில் இங்கிலாந்தில் ஒரு பந்தயம், சுவீடனில் ஒரு பந்தயம், போலந்தில் ஒரு பந்தயம் என்று பறக்கிற வீரர்கள் உண்டு. இங்கிலாந்தில் மைதானம் ஒன்று மூடினால், அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் கூலி போயிற்று. பெரிய வீரருக்குப் போலந்து இருக்கிறது. புதிதாகப் பழகும் பையனுக்கு எது இருக்கிறது?

ஆபத்தும் கொஞ்சமல்ல. 2015-ம் ஆண்டு ஆகஸ்டில், போலந்தின் ஜெலோனா குரா நகரில், ஆஸ்திரேலிய வீரர் டார்சி வார்ட் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 23. முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து அவரால் நடக்க முடியவில்லை. மூன்று தடவை உலகச் சாம்பியனான இங்கிலாந்து வீரர் டை வொஃபின்டன், 2025-ம் ஆண்டு மார்ச்சில் குரோஸ்னோ நகரில் விழுந்து பல எலும்புகளை முறித்துக்கொண்டார்.

பாதையின் வளைவுகளில் காற்று அடைத்த மெத்தைகளை நிறுத்துகிறார்கள். பல உயிர்களை அவை காப்பாற்றியிருக்கின்றன. ஆனால், மெத்தைக்கும் பணம் வேண்டும். பாதையை நன்றாகப் பராமரிக்கவும் பணம் வேண்டும். அடுத்த வருஷம் இந்த இடம் இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில் இருப்பவர் எப்படித் துணிந்து செலவு செய்வார்? வாடகை வீட்டுக்கு யாரும் புதுத் தளம் போடுவதில்லை. நிலம் யாருடையது என்ற கேள்வி, வீரரின் எலும்பு வரையில் வந்து தொடுகிறது.

மாஞ்செஸ்டர் காட்டிய வழி

இங்கிலாந்திலும் ஒரு நகரம் வேறு வழியில் போய்ப் பார்த்தது.

ஹைட் ரோடு மைதானத்தை இழந்த மாஞ்செஸ்டர் கோஷ்டி, பிறகு நாய்ப் பந்தய மைதானத்தில் வாடகைக்கு ஓடியது. கடைசியில் நகரசபை முன்வந்தது. பந்தயத்துக்கென்றே ஒரு மைதானத்தைக் கட்டிக்கொடுத்தது. 2016-ம் ஆண்டு மார்ச்சில் திறப்பு விழா வைத்தார்கள்.

அன்றைக்கே தகராறு! பாதை சரியாக இல்லை என்று பந்தயத்தை ஒத்திவைத்தார்கள். நடத்தியவர்கள் அதே ஆண்டில் பணக் கஷ்டத்தில் விழுந்தார்கள். ‘முடிந்தது கதை’ என்று பலர் நினைத்தார்கள்.

முடியவில்லை. நடத்துகிறவர் மாறினார், மைதானம் அங்கேயே இருந்தது. வேறொருவர் வந்து பந்தயத்தைத் தொடர்ந்தார். 2025-ம் ஆண்டு ஜூனில், உலகச் சாம்பியன் பட்டத்துக்கான இங்கிலாந்துப் பந்தயம் அதே மைதானத்தில் இரண்டு நாள் நடந்தது. தனியார் நிலமாக இருந்திருந்தால், முதல் கஷ்டத்திலேயே வீடுகள் முளைத்திருக்கும்.

லெஸ்டர் நகரின் கதையும் உண்டு. 1983-ம் ஆண்டு அங்கே மைதானம் விற்கப்பட்டது. வேறோர் இடத்தில் புதுப் பாதை போட்டு, பந்தயம் திரும்பியது 2011-ம் ஆண்டில்! நடுவே 28 வருஷம். 1983-ல் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன குழந்தை, தன் குழந்தையை அழைத்துக்கொண்டு போகும் வயதுக்கு வந்துவிட்டது. இழப்பது ஒரு நாள் கையெழுத்தில் முடிகிறது; திரும்பப் பெற ஒரு தலைமுறை ஆகிறது.

ஜெயித்தும் ஓடவில்லை

கவென்ட்ரி ரசிகர்களின் அனுபவத்தைச் சொல்லி முடிக்கலாம்.

பிராண்டன் மைதானத்தில் வீடுகள் கட்ட அனுமதி கேட்டார்கள். ரசிகர்கள் எதிர்த்தார்கள். வருஷக்கணக்கில் மனுப் போட்டார்கள். அதிகாரிகள் முன் சாட்சி சொன்னார்கள். 2022-ம் ஆண்டு உள்ளூர்க் கவுன்சில் அந்த அனுமதியை மறுத்தது. மேல் விசாரணையிலும் ரசிகர்கள் பக்கமே தீர்ப்பு வந்தது.

ஆனாலும், அதனால் பந்தயம் திரும்பிவிடவில்லை. ‘வீடு கட்டாதே’ என்று சட்டம் சொல்லலாம். ‘பந்தயம் நடத்து’ என்று சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்த முடியுமா? கேட்பாரற்றுக் கிடந்த மைதானத்தில் தீ விபத்தும் நடந்தது. ஜனங்கள் உட்கார்ந்த இடம் பாழாயிற்று.

இந்த விஷயம் மோட்டார் சைக்கிள் பந்தயத்தோடு முடிவதல்ல. ஒவ்வொரு ஊரிலும் பையன்கள் ஓடியாடும் திடல் ஒன்று இருக்கும். அது எப்போதும் இருக்கும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கிற நாள் வரும்போது, வாசலில் பூட்டுத் தொங்குகிறது.

தோருன் நகரத்தார் மைதானம் கட்டும்போதே அதைக் கேட்டுவிட்டார்கள். கவென்ட்ரி நகரத்தார் பூட்டு விழுந்த பிறகு கேட்டார்கள்.